ஸ்கோப், ரெட்டிகிள், ஐ ரிலீஃப்: தமிழ்ல என்ன போடலாம்?

அருள்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு அவசரம். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு ஸ்கோப் எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு ஒரு கையேடு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், போட்டிக்குச் சுடப் பழகுறவங்களுக்கானது, வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும். வாக்கியமெல்லாம் முடிஞ்சிருச்சு, சொல்லுதான் இடிக்குது. ஸ்கோப் (துப்பாக்கி மேல மாட்டிப் பெருக்கிப் பாக்குற குழாய்), ரெட்டிகிள் (அதுக்குள்ள தெரியிற குறிக்கோடு), ஐ ரிலீஃப், ஐ பாக்ஸ், எக்ஸிட் பியூப்பில், எம்ஓஏ, ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன். மொழிபெயர்ப்பு மென்பொருள்ல போட்டா ஐ ரிலீஃபுக்கு 'கண் நிவாரணம்'னு வருது, ஏதோ வெள்ளம் வந்து கண்ணுக்கு நிதி ஒதுக்கின மாதிரி. முதல் பக்கத்துலயே 'எல்லா ஸ்கோப்பும் சைட்டுதான், எல்லா சைட்டும் ஸ்கோப் இல்ல'ன்னு ஒரு வரி வேற இருக்கு (சைட்டுன்னா குறி பாக்க உதவுற எந்தக் கருவியும்), அதனால ரெண்டுக்கும் தனித்தனியாச் சொல் வேணும். உதவுங்க. முன்கூட்டியே சொல்லிடுறேன், துப்பார்க்குத் துப்பாய குறளை எடுத்து துப்பாக்கி தமிழ்ச்சொல்தான்னு யாராச்சும் ஆரம்பிச்சா இழையைப் பூட்டச் சொல்லிருவேன்.

இளவழுதி:
அன்பர் அருளுக்கு. ஸ்கோப்புக்குக் குறிநோக்கி. இதில் தயங்க ஒன்றுமில்லை. கிரேக்கத்தில் ஸ்கோபோஸ் என்றால் பார்ப்பவன், அதே சொல்லுக்கு இலக்கு என்றும் பொருள். நம் நோக்கு அப்படியே இல்லையா? நோக்கினால் பார்வை, நோக்கம் என்றால் குறிக்கோள். இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன, நமக்கு இதைவிட என்ன சான்று வேண்டும். செமி ஆட்டோமேட்டிக்குக்கு அரைத்தானியங்கி என்று போட்டுவிடாதீர்கள், தன்னேற்றத் துப்பாக்கி என்க. தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும், சுடுவதற்கு ஒவ்வொரு முறையும் விசையை இழுக்க வேண்டும். இதில் எது பாதி, எது முழுது? படைக்காரர்கள் எஸ்.எல்.ஆர். என்று சொல்லும் செல்ஃப் லோடிங் ரைஃபிளின் நேர்ப்பொருளும் அதுதான்.

ரேவதி:
தன்னேற்றம் எனக்கு ஓகே, நல்லாவே இருக்கு. ஆனா குறிநோக்கின்னு சொன்னா குறி சொல்ற அம்மாதான் ஞாபகம் வர்றாங்க. வேற அர்த்தமும் வரும், அதை நான் எழுத மாட்டேன், பசங்க சிரிப்பாங்க. நான் சுடுறவ, எங்க ரேஞ்சுல எல்லாரும் ஸ்கோப்புன்னுதான் சொல்றோம், 'ஸ்கோப்பு ஆடுது', 'ஸ்கோப்பைக் கழட்டி மாட்டு'. அதுக்குத் தமிழ் இல்லாம ஒருத்தரும் குறி தவறல. சொல் வேண்டிய இடம் வேற. புதுசா வர்றவங்க எல்லாரும் எத்தனை எக்ஸ், அதாவது எத்தனை மடங்கு பெருசாத் தெரியும்னுதான் கேக்குறாங்க, தன்னேற்றத் துப்பாக்கிக்கு அது மூணாவது கேள்விதான். அடுத்தடுத்து வேகமா சுடுறோம், ஒவ்வொரு குண்டுக்கும் உள்ள போல்ட்டுங்கிற இரும்புப் பாகம் பின்னாடி போய் முன்னாடி வந்து அடிக்குது, தலை கொஞ்சம் நகந்துட்டே இருக்கும், அப்ப படம் கறுத்துப் போகாம நிக்குதான்னுதான் முதல்ல பாக்கணும். அதைச் சொல்றதுதான் ஐ ரிலீஃபும் (கண்ணு எவ்வளவு தள்ளி இருக்கணும்) ஐ பாக்ஸும் (கண்ணு எவ்வளவு நகரலாம்). அந்த ரெண்டுக்கும் வாங்குறவனுக்குப் புரியிற மாதிரி சொல் இல்லன்னா மிச்ச சொல்லெல்லாம் எவ்வளவு அழகா இருந்தும் வீண்.

இளவழுதி:
குறி என்ற சொல் கேட்டாலே சிரிப்பு வருகிறதென்றால் சங்க இலக்கியம் முழுவதையும் மூடி வைக்க வேண்டியதுதான். இரவுக்குறி, பகற்குறி என்று தலைவனும் தலைவியும் சந்திக்க முன்பே சொல்லி வைத்துக்கொண்ட இடத்துக்கே குறி என்றுதான் பெயர். அங்கேயும் தவறினால் அல்லகுறிப்படுதல் என்று ஒரு துறையே உண்டு. இலக்கு தப்புவதற்கு இதைவிட நல்ல சொல் உலகில் எந்தக் கையேட்டிலாவது இருக்கிறதா?

அருள்:
ஐயா, அல்லகுறி சூப்பர், ஆனா 'உங்கள் ஸ்கோப் அல்லகுறிப்பட்டால் திருகாணியைச் சரிபார்க்கவும்'னு எழுதினா என்னைத் தூக்கிருவாங்க.

பாஸ்கரன்:
நான் இயற்பியல் வாத்தியார், அதனால பாடநூல்ல ஏற்கனவே இருக்கிறதை முதல்ல சொல்லிடுறேன், புதுசா எதையும் உண்டாக்க வேண்டாம். மேக்னிஃபிகேஷன் உருப்பெருக்கம். முன்னாடி இருக்கிற லென்ஸ் பொருளருகு லென்ஸ், கண்ணு பக்கம் இருக்கிறது கண்ணருகு லென்ஸ். பேரலாக்ஸ் இடமாறு தோற்றம். கண்ணை லேசா அசைச்சா குறுக்குக்கோடு இலக்கு மேல நகர்ற மாதிரி தெரியுதே அதேதான், படமும் கோடும் ஒரே தளத்துல விழாததுதான் காரணம். திருகி மாத்த முடியாத ஸ்கோப்புல பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரி பண்ணி அனுப்புவாங்க, சின்ன .22 ரைஃபிளுக்குன்னு செய்றதுல 50 கஜம் மாதிரி வைப்பாங்க. தொலைநோக்கின்னு மட்டும் போட்டுராதீங்க, இப்ப பெருக்கத்தை 1லருந்து 6, 8 மடங்கு வரைக்கும் மாத்திக்கிற மாதிரி 1-6, 1-8னு வர்றதை 1ல வச்சா வெறுங்கண்ணால பாக்குற அளவுதான் தெரியும், தொலைவுக்கு அங்க வேலையே இல்ல.

எக்ஸிட் பியூப்பில், அதாவது கண்ணருகு லென்ஸ்லருந்து வெளிய வர்ற ஒளி வட்டம், அதுக்கு வெளிப்பாவை. அதோட விட்டம் வேணும்னா பொருளருகு லென்ஸோட விட்டத்தை உருப்பெருக்கத்தால வகுக்கணும். 4x32னா (4 மடங்கு, 32 மி.மீ. லென்ஸ்) 8 மி.மீ., 1-6x24ஐ 6ல வச்சா 4 மி.மீ. நம்ம கண்பாவை நல்ல வெயில்ல 2, 3 மி.மீ.க்குச் சுருங்கும், இருட்டுல 7 வரைக்கும் விரியும். வெளிப்பாவை கண்பாவையை விடச் சின்னதாப் போச்சுன்னா படம் மங்கும், பெருசா இருந்தா கண்ணு கொஞ்சம் விலகினாலும் தாங்கும்.

இளவழுதி:
பாஸ்கரன் அவர்களே, வெளிப்பாவை என்று எழுதினீர்களே, வள்ளுவர் அதை முன்பே எழுதிவிட்டார். குறள் 1123. கருமணியிற் பாவாய்நீ போதாய். கண்மணிக்குள் இருக்கும் பாவையே, நீ வெளியே போ, என் காதலிக்கு இடம் வேண்டும் என்கிறான். பாவை வெளியேறுகிறது! எக்ஸிட் பியூப்பில்! போதுபாவை என்று வினைத்தொகையாகவே வைக்கலாம்.

ரேவதி:
😂😂 இதுக்காகவே இந்தக் குழுவுல இருக்கேன். ஆனா போதுபாவைன்னா படிக்கிறவன் 'போதும் பாவை'ன்னு நெனப்பான். வெளிப்பாவை போதும்.

சுகந்தன்:
ஒரு சின்ன விசயம். எங்கட பக்கம் லென்சுக்கு வில்லை எண்டுதான் படிச்சனாங்கள், குவிவில்லை, குழிவில்லை எண்டு. பொருளருகு வில்லை எண்டு போட்டால் ரெண்டு பக்கத்து ஆக்களுக்கும் விளங்கும்தானே? பிறகு ரெட்டிகிளுக்கு நான் ஒண்டு சொல்லட்டே: கண்ணி. லத்தீனில ரெட்டிகுலம் எண்டால் சின்ன வலை. வலையின்ர துளைக்கு எங்கட ஆக்கள் கண்ணி எண்டுதான் சொல்லுறவை. உள்ளுக்க கண்ணும் இருக்கு.

இளவழுதி:
அருமை அருமை. கண்ணி என்றால் தலையில் சூடும் பூ, இரண்டடிப் பாட்டு (தாயுமானவரின் பராபரக்கண்ணி), பறவை பிடிக்கும் சுருக்கு, சங்கிலியின் ஒரு வளையம். இத்தனையும் இணைப்பு என்ற ஒரே வேரில் நிற்கின்றன. கள் என்ற வேரிலிருந்து கட்டு, கண்ணி, கணு என்று

அருள்:
ஐயா கொஞ்சம் நிறுத்துங்க. துப்பாக்கிக் கையேட்டுல கண்ணின்னு போட்டா வாசிக்கிறவனுக்கு முதல்ல தோணுறது கண்ணிவெடிதான். 'உங்கள் கண்ணி ஒளிர்கிறதா என்று பாருங்கள்'னு எழுதினா ஓடிருவான்.

சுகந்தன்:
அது சரிதான். எனக்கும் எழுதினாப் பிறகுதான் உறைச்சது. விட்டிடுவம்.

பாஸ்கரன்:
குறுக்கிழை ஏற்கனவே இருக்கு. பழைய கருவிகள்ல உண்மையாவே மெல்லிய கம்பியோ சிலந்தி இழையோ கட்டியிருப்பாங்க, அதனால இழை பொருத்தம். இப்ப கண்ணாடியில அரிச்சு எடுக்கிறாங்க, இருந்தாலும் பேரு நிக்கட்டும்.

ரேவதி:
குறுக்கிழைன்னா வெறும் கூட்டல் குறி. ரெட்டிகிள் அப்படி மட்டும் வராதே. தன்னேற்றத் துப்பாக்கியிலயே உதாரணம் சொல்றேன், 1963ல சோவியத் ராணுவம் எடுத்துக்கிட்ட டிராகுனோவ் துப்பாக்கியில வர்ற பிஎஸ்ஓ-1 ஸ்கோப், அது 4x24. அதுல கூட்டல் குறியே கிடையாது. நடுவுல கூரை மாதிரி முனைகள், பக்கத்துல கோடுகள், கீழ ஒரு வளைகோடு, 1.7 மீட்டர் உயர ஆளை அந்த வளைவுக்குள்ள நிறுத்திப் பாத்தா தூரம் தெரியும். இதைப் போயி குறுக்கிழைங்கிறதா?

அருள்:
அப்ப வெறும் 'இழை'? ஒளிர்இழை, இழைப்படம்... வேற வழி தெரியல எனக்கு. ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன், செகண்ட் ஃபோக்கல் பிளேனுக்கு முதற் குவியத்தளம், இரண்டாம் குவியத்தளம்னு நேரா போட்டு வச்சிருக்கேன். சரியாத்தான் இருக்கு, ஆனா யாருக்கும் ஒண்ணும் விளங்காது.

ரேவதி:
வாங்குறவனுக்கு அந்தத் தளம் எங்க இருக்குன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அவனுக்குத் தெரிய வேண்டியது, பெருக்கத்தைக் கூட்டினா இழையும் சேந்து வளருமா, இல்ல அப்படியே நிக்குமா. வளர்ற வகையில இழைக் கோடுகளோட அளவு எந்தப் பெருக்கத்துலயும் சரியா இருக்கும், ஆனா 1ல வச்சா இழை இத்துனூண்டாச் சுருங்கி கண்ணுக்கே தெரியாது, விளக்கு போட்டாத்தான் உண்டு. நிக்கிற வகையில எப்பவும் பளிச்சுனு தெரியும், ஆனா கோட்டை வச்சு குண்டோட இறக்கம் கணக்குப் போடுறது ஒரே ஒரு பெருக்கத்துலதான் சரி வரும், பெரும்பாலும் உச்சத்துல. அதனால முதலாவதுக்கு வளரிழை, ரெண்டாவதுக்கு நிலையிழை. முடிஞ்சது.

இளவழுதி:
வளரிழை ஒப்புக்கொள்கிறேன், செவ்வையான வினைத்தொகை. நிலையிழை ஒத்து வராது. வளர் வினையடி, நிலை பெயர். இணையாக வரும் சொற்கள் ஒரே இலக்கணத்தில் நிற்க வேண்டாமா? வளரிழை, வளராவிழை என்க. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

ரேவதி:
வளராவிழைன்னு ரேஞ்சுல ஒரு தடவை சொல்லிப் பாருங்க ஐயா, வாய் சுளுக்கிக்கும்.

பாஸ்கரன்:
ஐ ரிலீஃபுக்கு வருவோம், வியாழன் ஆயிருச்சு. கண்ணருகு லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவுல முழுப்படம் தெரியிற தூரம், சாதாரணமா 3லருந்து 4 அங்குலம். கண் இடைவெளின்னு வைக்கலாம்னு பாத்தேன், ஆனா அது ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கிற தூரம்னு ஆயிரும், கண்ணாடிக் கடையில அதைத்தான் அளக்குறாங்க.

சுகந்தன்:
கண்ணெட்டு?

பாஸ்கரன்:
கண்ணுக்கெட்டிய தூரம்னா அடிவானம் வரைக்கும்னு ஆகும் தம்பி. நமக்கு வேண்டியது நாலு அங்குலம்.

இளவழுதி:
கண்விலக்கம்.

ரேவதி:
கண்ணை விலக்கச் சொல்ற மாதிரி இருக்கு. ஒரு வகையில அதுவும் சரிதான், பின்னுதைப்பு ஜாஸ்தியான துப்பாக்கியில ஒட்டி வச்சுச் சுட்டா புருவத்துல பிறை மாதிரி வெட்டு விழும், அந்தத் தழும்போட சில பேர் எங்க ரேஞ்சுல திரியிறாங்க. ஆனா கண்தூரம்னா எல்லாருக்கும் புரியும்.

இளவழுதி:
தூரம் வடசொல்.

அருள்:
கண்தொலைவு. வைக்கிறேன். ஐ பாக்ஸ்?

சுகந்தன்:
கண்கூடு. கண்ணை வச்சிருக்கிற கூடு, அதுக்குள்ள கண் இருக்கும் வரைக்கும் படம் முழுசாத் தெரியும், வெளிய போனால் கறுத்துப்போகும்.

பாஸ்கரன்:
இதுதான் இந்த உரையாடல்லயே உருப்படியான சொல். கண்தொலைவு ஒரு நீளம், கண்கூடு ஒரு கன அளவு. மேல கீழ, இடம் வலம், முன்ன பின்ன எல்லாம் அடங்கிருச்சு.

இளவழுதி:
கண்கூடு என்றால் நேரே காண்பது, பிரத்தியட்சம். ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல்லுக்கு வேறு பொருள் ஏற்றுவது முறையல்ல.

ரேவதி:
கண்கூட்டுக்குள்ள கண்ணு இருந்தாத்தான் இலக்கைக் கண்கூடாப் பாக்க முடியும். ரெண்டு அர்த்தமும் ஒத்துத்தான் போகுது, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

அருள்:
எம்ஓஏ மட்டும் பாக்கி. மினிட் ஆஃப் ஆங்கிள். கோண நிமிடமா?

பாஸ்கரன்:
நிமிடம்னா நேரம்னு குழம்பும். பஞ்சாங்கத்துல பாகை, கலை, விகலைன்னு இருக்கு பாருங்க, 60 கலை ஒரு பாகை. அதேதான் இது. ஒரு கலைன்னா 100 மீட்டர்ல ஏறக்குறைய 2.9 செ.மீ., ஒரு மில்னா (அது இன்னொரு கோண அளவு) அதே தூரத்துல 10 செ.மீ., ஒரு மில்லுக்கு 3.44 கலை வரும். குறியை நகர்த்துற திருகுல ஒரு சொடுக்குக்குப் பெரும்பாலும் கால் கலை, மில்லுன்னா 0.1. இழை மில்லுல இருந்தா திருகும் மில்லுல இருக்கணும், கலக்கி வாங்கினா கணக்குப் போட்டே நாள் போயிரும், இதைத் தடிச்ச எழுத்துல போடுங்க அருள்.

இளவழுதி:
கலை வடமொழி. இந்தப் பொருளில் கலா என்பதன் திரிபு. கலைச்சொல் குழுவில் கலை என்ற வடசொல்லைக் கடன் வாங்குவதா?

சுகந்தன்:
ஐயா, கலைச்சொல்லில இருக்கிற கலையை என்ன செய்யிறது?

இளவழுதி:
அது தமிழ். கல் என்ற வேர். கல்வி, கலை, கற்றல். நாளை விரிவாக எழுதுகிறேன்.

அருள்:
நாளைக்கு நான் அனுப்பிருவேன். இப்படித்தான் வைக்கிறேன்: சைட் எல்லாத்துக்கும் பொதுவா குறிகாட்டி. அதுல பெருக்கிக் காட்டுறது ஸ்கோப், ஸ்கோப்பாவே இருக்கட்டும், குறிநோக்கியை ஒரே ஒரு தடவை பக்கத்துல போட்டுடுறேன். ரெட்டிகிள் இழை, வளரிழை, நிலையிழை. கண்தொலைவு, கண்கூடு, வெளிப்பாவை, இடமாறு தோற்றம், கலை, சொடுக்கு. லென்ஸுக்கு வில்லை.

ரேவதி:
ஓட்டு. மாட்டுற மவுண்டுக்குத் தாங்கின்னு போடுங்க, உயரத்தையும் எழுதிருங்க. தோள்ல வைக்கிற கட்டை குழலோட நேர்கோட்டுல வர்ற ஏஆர் (ஏஆர்-15 மாதிரி) வகைத் துப்பாக்கிக்குக் குழல் நடுவுலருந்து ஸ்கோப் நடு வரைக்கும் சுமார் இரண்டரை அங்குலம் வரணும், தாழ்வா வச்சா கழுத்தை மடக்கித்தான் பாக்கணும், கண்ணு கண்கூட்டுக்குள்ள நிக்கவே நிக்காது.

பாஸ்கரன்:
ஓட்டு. வில்லையை என் பிள்ளைங்க மாத்திரைன்னு நெனைக்கும், இருந்தாலும் சரி.

சுகந்தன்:
ஓட்டு.

இளவழுதி:
பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். நிலையிழை, கலை, ஸ்கோப் ஆகிய மூன்றுக்கும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கண்கூட்டை மட்டும், தவறென்று தெரிந்தே, ஏற்கிறேன். கல் என்ற வேர் பற்றி தனி இழை தொடங்கியிருக்கிறேன், அங்கே வாருங்கள்.