கத்திரி வெயிலில் கேரவனுக்குள் சூட்டைக் குறைப்பது எப்படி?

மஞ்சக்குப்பத்தார் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பயணியர் வேனாக ஓடிக்கொண்டிருந்த ஒரு டிராவலர் வண்டியை வாங்கி, இருக்கைகளை எடுத்துவிட்டு, இரண்டு படுக்கைகள், சிறிய சமையல் மேடை, 12 வோல்ட் குளிர்பெட்டி ஆகியவற்றைப் பொருத்திக் கேரவனாக மாற்றியிருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் அதில் தங்கியபோது ஒரு குறையும் தெரியவில்லை. சித்திரை பிறந்த பிறகோ, பகல் பதினோரு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடிவதில்லை. நேற்றுப் பிற்பகல் வெளியே நிழலில் 39 டிகிரி இருந்தபோது, கண்ணாடிகள் மூடிய வண்டிக்குள் படுக்கை மட்டத்தில் வெப்பமானி 51 டிகிரி காட்டியது. இரவு எட்டு மணிக்கும் கூரையின் உட்புறப் பலகையில் கை வைத்தால் சூடு தெரிந்தது.

வண்டியின் நிறம் கரும்சாம்பல். கூரைத் தகட்டுக்கும் உள்ளே அடித்திருக்கும் மெல்லிய பிளைவுட்டுக்கும் நடுவில் வெறும் இடைவெளிதான் இருக்கிறது. பயணியர் வேன் என்பதால் இரு பக்கமும் பெரிய கண்ணாடிகள். 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கிறது. 400 வாட் சூரியத் தகடுகளை வாங்கி வைத்திருக்கிறோமே தவிர இன்னும் கூரையில் ஏற்றவில்லை.

மே இரண்டாம் வாரத்தில் புதுச்சேரியிலிருந்து கடற்கரையை ஒட்டியே பிச்சாவரம் வரை போய்வர எண்ணுகிறோம். எழுபதைக் கடந்த என் தாயாரும் உடன் வருகிறார். வண்டியைக் கட்டித் தந்தவர் ஒன்றரை டன் ஏசியும் ஒரு ஜெனரேட்டரும் வைத்துவிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ ஏர் கூலர் ஒன்றே போதும் என்கிறார். கையில் இருக்கும் பணம் இரண்டையும் செய்யப் போதாது என்பதால், எதை முதலில் செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அரியாங்குப்பம் ஏசி:

ஐயா, குளிர்சாதன வேலை பார்ப்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: ஏசியைக் கடைசியாக வாங்குங்கள். காரணம் எளிய கணக்குதான். நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது விழும் வெயில் ஏறத்தாழ 1000 வாட். உங்கள் வண்டியின் கூரை சுமார் 10 சதுர மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் 10 கிலோவாட் வந்து இறங்குகிறது. கரும்சாம்பல் வண்ணம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். சுத்தமான வெள்ளை வண்ணம் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். உறிஞ்சியது எல்லாம் உள்ளே வருவதில்லை, காற்று ஒரு பகுதியைக் கொண்டுபோகிறது என்பது உண்மையே. ஆனாலும் ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடி வெளியேற்றும் வெப்பம் மூன்றரை கிலோவாட் மட்டுமே என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூரையை இப்படியே விட்டுவிட்டு ஒன்றரை டன் வைப்பது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் தேடுவதாகத்தான் முடியும்.

ஆகவே முதல் செலவு கூரைக்கு வெள்ளை வண்ணம். இரண்டாவதாக, வாங்கி வைத்திருக்கும் சூரியத் தகடுகளைக் கூரையோடு ஒட்டிவிடாமல், சட்டம் அடித்து எட்டுப் பத்து சென்டிமீட்டர் உயர்த்திப் பொருத்துங்கள். அடியில் காற்று ஓடினால் தகடுகளே கூரைக்கு நிழலாகும். தகடும் குளிர்ச்சியாக இருக்கும். தகட்டின் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறைகிறது என்பதால், அந்த இடைவெளியால் இரட்டை ஆதாயம். தகடுகள் மூடாத மீதிப் பரப்புக்கு, வண்டி நிற்கும் நேரத்தில் மட்டும் நாற்றங்காலுக்குக் கட்டும் 75 விழுக்காட்டு நிழல் வலையை ஒரு சாண் உயரத்தில் இழுத்துக் கட்டலாம். கூரையின்மீது படிந்தபடி போட்டால் பயன் மிகக் குறைவு. வண்டியை எடுக்கும்முன் அவிழ்க்க மறந்துவிட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலை வேகத்தில் வலை தாங்காது.

மூன்றாவது வேலை உள்ளே. பிளைவுட்டைக் கழற்றிவிட்டு, ஏசி குழாய்களுக்குச் சுற்றும் மூடிய துளை நைட்ரைல் ரப்பர் ஷீட்டை 25 மில்லிமீட்டர் தடிமனில் ஒட்டுங்கள். தகடு 60 டிகிரியில் இருந்தாலும் கூரை வழியாக இறங்கும் வெப்பம் அரை கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். குறுக்குச் சட்டங்களை விட்டுவிட்டு நடுவில் மட்டும் ஒட்டுவது வழக்கமான குறை. இரும்புச் சட்டம் வழியாகவே வெப்பம் பிளைவுட்டுக்கு வந்துவிடும் என்பதால் சட்டத்தின்மேலும் ஒரு மெல்லிய பட்டை போகவேண்டும். கண்ணாடிக் கம்பளி நம் கடலோரத்துக்கு ஆகாது, ஈரத்தைக் குடித்துத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். தெர்மோகோல் மலிவுதான், ஆனால் சூடான தகட்டோடு ஒட்டினால் நாளடைவில் சுருங்கும், தீப்பற்றினால் நிற்காது. பளபளக்கும் பப்பிள் ஷீட்டை நேரே தகட்டில் ஒட்டித் தருபவர்கள் உண்டு. அது வேலை செய்வதே எதிரில் காற்று இடைவெளி இருக்கும்போதுதான். இரண்டு பரப்புகளுக்கு நடுவில் நசுங்கிப்போனால் வெறும் மெல்லிய பிளாஸ்டிக்.

கண்ணாடிகளுக்கு உள்ளே திரை போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். வெயில் கண்ணாடியைக் கடந்து வந்து திரையைச் சுட்ட பிறகு அந்தச் சூடு வண்டிக்குள்தானே இருக்கும்? மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்கவேண்டும். அளவெடுத்துத் தைத்த கெட்டித் துணியில் ஓரங்களில் காந்தம் வைத்துவிட்டால், வண்டி நின்றதும் ஐந்து நிமிடத்தில் மாட்டிவிடலாம்.

தேவனாம்பட்டினம்:

மேலே சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கடலோரத்தில் தங்குபவர் என்ற வகையில் காற்றையும் வண்டியை நிறுத்தும் திசையையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. அந்த நாட்களில் கடலூரில் முற்பகல் முழுவதும் உள்நாட்டிலிருந்து வறண்ட மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வீசும். பிற்பகலில் கடற்காற்று கரையேறியதும் வெப்பமானி சட்டென்று இறங்கும். மேல்காற்று வலுத்திருக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாகும், 40 டிகிரியைத் தாண்டுவதும் பெரும்பாலும் அத்தகைய நாட்களில்தான். ஏர் கூலர் பற்றிய கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. 40 டிகிரி வெப்பமும் 25 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மேல்காற்றில், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறத்தாழ 24 டிகிரிக்கு இறங்கும். நல்ல கூலர் 28 டிகிரி அளவில் காற்றைத் தரும். கடற்காற்று வந்தபின் 33 டிகிரியும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது அதே ஈரத்துணி 29 டிகிரியில் நின்றுவிடும். கூலர் தருவது 30 டிகிரிப் புழுக்கம்தான். ஆகையால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பகல் ஒரு மணி வரை சரி, அதற்குமேல் தவறு.

இதற்காகக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. சாதாரண வெப்பமானிகள் இரண்டை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் நனைந்த பருத்தித் திரியைச் சுற்றி விசிறிக் காற்றில் வையுங்கள். இரண்டுக்கும் பத்து டிகிரி வேறுபாடு இருந்தால் கூலரைப் போடலாம். ஐந்துக்குக் கீழே வந்துவிட்டால் தண்ணீரை நிறுத்திவிட்டு எல்லாக் கண்ணாடிகளையும் திறந்துவிடுவதே நல்லது.

திசையைப் பொறுத்தவரை நம் ஊருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கடலூரும் புதுச்சேரியும் ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கேதான் இருக்கும். எனவே மே மாதத்தில் செங்குத்தான தெற்குச் சுவரில் நாள் முழுவதும் நேர் வெயில் விழாது. வண்டியின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கும்படி நிறுத்தினால், காலை வெயிலையும் மாலை வெயிலையும் குறுகிய முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே வாங்கும். முகப்பைக் கிழக்கு நோக்கி நிறுத்துங்கள் என்பது என் பரிந்துரை. முகப்புக் கண்ணாடியில் விழுவது இளவெயிலாகப் போய்விடும், பிற்பகல் வெயில் கண்ணாடி குறைந்த பின்கதவில் அடிக்கும்.

பண்ருட்டி முந்திரித்தோப்பு:

திசை குறித்து மேலே உள்ளவரோடு உடன்பட மாட்டேன். நம் வண்டிகளில் ஏறும் கதவு இடப்பக்கம் இருக்கிறது. முகப்பு கிழக்கே பார்த்தால் அந்தக் கதவு வடக்கே, வெயில் படும் பக்கத்துக்குப் போய்விடும். முகப்பை மேற்கே திருப்பினால் கதவு தெற்கே நிழலில் வரும். அங்கே ஒரு பந்தல் துணியைக் கட்டிவிட்டால் அம்மா பகல் முழுவதும் வெளியே நாற்காலி போட்டு உட்காரலாம். பின்கதவுகள் கடலைப் பார்த்துத் திறந்திருப்பதால் கடற்காற்றும் நேரே உள்ளே நுழையும். மாலை வெயில் முகப்புக் கண்ணாடியில் அடிக்கும் என்பது மெய்தான். ஆனால் அது ஒரே கண்ணாடி, வெளியே கெட்டித் தார்ப்பாயால் மூடிவிடலாம். சாய்வான கண்ணாடி என்பதால் எந்தத் திசையில் நிறுத்தினாலும் நண்பகலில் அதை மூடத்தான் வேண்டும்.

கூலர் வாங்கும் செலவுக்குப் பதிலாக வெட்டிவேர்த் தட்டியை எண்ணிப் பாருங்கள். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் மணற்பாங்கான நிலங்களில் விளைவதுதானே. மேல்காற்று வரும் பக்கத்துச் சன்னலில் தட்டியைத் தொங்கவிட்டு, மேல்விளிம்பில் துளையிட்ட குழாய் வழியாகச் சொட்டு நீர் விட்டு, எதிர்ப்பக்கம் கூரையில் 12 வோல்ட் எக்ஸாஸ்ட் விசிறி வைத்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உங்கள் பேட்டரியில் மொத்தமாக இருப்பதே இரண்டரை யூனிட்தான். உவர்ப்பான போர்த் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டாம். வேரில் உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும், சொட்டுகிற இடமெல்லாம் துருப்பிடிக்கும்.

நிறுத்தும் இடத்துக்குச் சவுக்குத் தோப்பே சிறந்தது. நிழலும் தரும், காற்றையும் மறிக்காது. தென்னந்தோப்பில் காய் விழும், மட்டையும் விழும். சூரியத் தகடு வைத்த வண்டியை அங்கே விடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். சமையலைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சோறு வடிக்கும் ஆவி ஒன்றே போதும், சிறிய வண்டியை அரை மணி நேரத்துக்குப் புழுங்க வைத்துவிடும்.

மஞ்சக்குப்பத்தார்:

மூவருக்கும் நன்றி. வெள்ளை வண்ணம், ரப்பர் ஷீட், வெளித்திரை ஆகிய மூன்றையும் பயணத்துக்குமுன் முடித்துவிடலாம் என்று முடிவு செய்துள்ளோம். பகலைச் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. இரவு பற்றித்தான் இன்னும் தயக்கம். நள்ளிரவுக்குப் பிறகு காற்று அசையாமல் நின்றுவிடும் நாட்களில் தாயாரால் தூங்க முடியாது. ஜெனரேட்டர் இல்லாமல் பேட்டரியிலேயே ஏசியை இரவு முழுவதும் ஓட்ட இயலுமா?

அரியாங்குப்பம் ஏசி:

முழு இரவுக்கு இயலாது. பாதி இரவுக்கு இயலும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி முழு வேகத்தில் ஏறத்தாழ ஒரு கிலோவாட் எடுக்கும். பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றுவதில் ஆகும் இழப்பையும் கழித்தால் உங்களிடம் இருப்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான். ஆனால் வெயில் இல்லாத இரவில், ரப்பர் ஷீட் ஒட்டிய வண்டியில், படுக்கைப் பகுதியை மட்டும் கெட்டித் திரையால் பிரித்து, 27 டிகிரியில் வைத்து, கூடவே சிறிய விசிறியும் ஓடினால், சராசரிச் செலவு 400, 500 வாட்டுக்கு இறங்கிவிடும். அப்போது நாலைந்து மணி நேரம் கிடைக்கும். பத்து மணிக்கே போட்டுவிடாமல், காற்று நிற்கும்வரை கொசுவலை அடித்த சன்னல்களைத் திறந்துவைத்து, பிறகு மூடி ஏசியைப் போடுங்கள். 400 வாட் தகடுகள் ஒரு நாளில் தருவது ஒன்றரை முதல் இரண்டு யூனிட் என்பதால் அடுத்த இரவுக்குள் பேட்டரி முழுதாக நிரம்பாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் விடுதி வளாகத்தில் 15 ஆம்பியர் பிளக் கிடைக்கும் இடமாகப் பார்த்துத் தங்குவது நல்லது.

எஞ்சினை ஐடிலில் விட்டு வண்டியின் ஏசியில் தூங்குவதோ, கதவருகே ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்குவதோ எந்த நிலையிலும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவருக்குத் தெரியாமலே உயிரை எடுத்துவிடும்.

பேட்டரி எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் பலவற்றுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது என்பது தயாரிப்பாளர் வகுக்கும் வரம்பு; சூரியத் தகடு நன்றாக வேலை செய்யும் பிற்பகலில், பூட்டிய வண்டிக்குள் நீங்கள் பார்த்த 51 டிகிரியில், கட்டுப்பாட்டுச் சுற்று சார்ஜைத் துண்டித்துவிடலாம். பேட்டரியைப் படுக்கைக்கு அடியில், தரைமட்டத்தில், காற்றுத்துளை உள்ள பெட்டிக்கு மாற்றுங்கள். தாயாரின் மாத்திரை அட்டைகளையும் பாருங்கள். பலவற்றில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கும்படி அச்சிட்டிருக்கும். அவை குளிர்பெட்டியின் ஓரத்தில், உறையாத இடத்தில் இருக்கட்டும்.

வண்ணம் அடிக்குமுன் ஒன்று. கூரையோடு நிறுத்தாமல் வண்டி முழுவதையும் வெள்ளையாக்க எண்ணினால், பதிவுச் சான்றில் நிறமும் பதிவாகியிருப்பதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மே இரண்டாம் வாரத்துக்குள் அந்த வேலையும் முடியவேண்டும் என்றால் இந்த வாரமே போய்விடுங்கள்.