பின்சுவர் வெடித்துவிட்டது, பிடித்துவைத்த பணத்தையும் கேட்கிறார்

ஹட்டன் கடைக்காரி:
அப்பா விட்டுப்போன காணியில் இரண்டு மாடிக் கடைக் கட்டடம் கட்டினேன். கொந்தராத்து 68 இலட்சம். அதில் 5 சதவீதம், 3 இலட்சத்து 40 ஆயிரம், ஒரு வருடம் முடியும்வரை என்னிடம் இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டோம். சாவி வாங்கி ஏழு மாதம். ஜூன் மழையில், மண்ணை வெட்டி எழுப்பிய பின்சுவரில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. தண்ணீர் வடியக் குழாய்கள் வரைபடத்தில் இருக்கின்றன, சுவரில் ஒன்றுகூட இல்லை. மேலே தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஆறு குடும்பங்கள். மழை பிடித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கொந்தராத்துக்காரரோ மண்தான் பிழை என்கிறார். 14 நாளில் பணம் தரச்சொல்லி சட்டத்தரணி மூலம் கடிதமும் வந்துவிட்டது. வேறு மேசன் பாஸைக் கூப்பிட்டுப் பூசிவிடலாமா?

பண்டாரவளை அண்ணன்:
தங்கச்சி, முதலில் அந்தக் கடிதத்துக்குப் பதில் போடுங்கள். நான் சும்மா இருந்து பட்டவன். வியாபார விடயத்தில் வரும் கடிதத்துக்கு வாயைத் திறக்காவிட்டால், ஒப்புக்கொண்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ள இடமுண்டு. பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள். உடன்படிக்கையில் நடுத்தீர்ப்பு, அதாவது பிணக்கை நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தீர்ப்பது, என்று ஒரு வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி, அவர் ஆட்சேபித்தாலே மாவட்ட நீதிமன்றம் வழக்கை விசாரிக்காது. எழுத்து உடன்படிக்கைக்கு வழக்குப்போட ஆறு வருடம் உண்டு, அவசரம் வேண்டாம். சின்னத் தொகை என்றால் முதலில் சமரசம் பேசிவைக்கும் மத்தியஸ்த சபைதான்.

சைட் பொடியன்:
அக்கா, பூசவே வேண்டாம்! பூசினால் சாட்சி போய்விடும், சுவருக்குப் பின்னால் தண்ணீர் அப்படியேதான் நிற்கும். அந்த நீரின் பாரம்தான் சுவரைத் தள்ளுகிறது. வெடிப்பின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு, திகதி எழுதி, வாராவாரம் அளந்து படம் எடுங்கள். மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நுவரெலியா மாவட்ட அலுவலகத்துக்கு இன்றே எழுதுங்கள். லயத்து ஆட்களுக்கும் கிராம சேவகருக்கும் சொல்லிவிடுங்கள், வழக்கு அப்புறம்.

ஹட்டன் கடைக்காரி:
அண்ணா, ஏழாம் பக்கத்தில் நடுத்தீர்ப்பு வாசகம் இருக்கிறது. வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சட்டத்தரணியை வியாழக்கிழமை பார்க்கிறேன். தம்பி, கோடு போட்டாயிற்று, இன்று அளந்தும் வைத்தேன். மேல் லயத்து ஆச்சியிடமும் சொன்னேன். இரவில் மழை வந்தால் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்.