அப்பாவோட நெகட்டிவ் குரூப் நோட்டை என்ன செய்யறது?

லேத்துப்பட்டறை மகள்:

வணக்கமுங்க. வர்ற வைகாசியில அப்பாவுக்கு முதல் வருஷ திதி. அது சம்பந்தமா ஒரு யோசனை வேணும். கொஞ்சம் நீளமாத்தான் எழுதறேன், பொறுத்துக்குங்க.

அப்பா கோயமுத்தூர் கணபதியில ஒரு பட்டறையில நாப்பது வருஷம் டர்னர். பம்புக்கு ஷாஃப்ட் கடையற வேலை. ஓவர்டைம்னா வேண்டாம்னு சொன்னதே இல்லை. எனக்கும் தம்பிக்கும் காலேஜ் ஃபீஸ் கட்டினது அந்தக் காசுதான். வீட்டுக்கு வந்ததும் மரத்தூளும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்ப்பார், ஆனாலும் நகக்கண்ல கருப்பு போகாது. சூடான இரும்புச் சுருள் தெறிச்சு சட்டை முன்பக்கம் பூரா பொடிப்பொடியா ஓட்டை இருக்கும்.

1998 பிப்ரவரி 14, ஊர்ல குண்டு வெடிச்ச அன்னைக்கு, பட்டறையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போய் முதல் தடவை ரத்தம் கொடுத்தார். தனக்கு ஓ நெகட்டிவ்னு அங்கதான் அவருக்கே தெரிஞ்சது. அதுலிருந்து 65 வயசு வரைக்கும் 71 தடவை. வீட்ல வந்து சொல்லவே மாட்டார். அம்மா கழுவறதுக்கு டிபன் கேரியரைத் திறந்தா மேல் அடுக்குல குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு பிரிக்காம இருக்கும். ரத்தம் எடுத்ததும் தின்னச் சொல்லிக் கொடுக்கறது. "இன்னைக்குமா?"ம்பாங்க அம்மா. எனக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதி.

65 தாண்டினதும் "இனிமே உங்ககிட்ட எடுக்க முடியாதுங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அப்பா சாப்பிடலை. மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கிட்டு வந்தார். நெகட்டிவ் குரூப்காரங்க 41 பேரோட பேரு, நம்பர், கடைசியா கொடுத்த தேதி எல்லாம் அதுல இருக்கு. ஓரத்துல பென்சில்ல அவர் குறிப்பு: "நைட் ஷிப்டு, 10 மணிக்கு மேல் கூப்பிடு." "மகள் கல்யாணம், தை வரை கேட்காதே." "பஸ் காசு வாங்க மாட்டார், டீ வாங்கிக் கொடு."

அவர் ஃபோனை இன்னும் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர், "ஐயா, ஏ நெகட்டிவ் ஒரு யூனிட் வேணுங்க"ன்னார். "அப்பா இல்லைங்க"ன்னு சொல்லி வச்சிட்டேன். நோட்டு பக்கத்து அலமாரியில இருக்கு, எந்திரிச்சு எடுக்கத் தோணலை. விடியற வரைக்கும் தூக்கம் வரலை.

திதிக்குப் பெருசா ரத்ததான முகாம் வைக்கலாங்கறான் தம்பி. நோட்டை ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டுரலாம்னு பட்டறைல ஒருத்தர் சொல்றார். என்ன பண்ணலாமுங்க?

சோதனைக்குழாய்:

ரத்த வங்கியில 16 வருஷமா டெக்னீஷியன் நான். உங்கப்பா மாதிரி நோட்டு வச்சிருக்கறவங்க நம்பர்தான் எங்க மேஜைக் கண்ணாடிக்கு அடியில இருக்கும்.

நோட்டை வெளிய போடாதீங்கம்மா. அவங்க நம்பரை உங்கப்பாவை நம்பிக் கொடுத்தாங்க. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, அவர் தவறினதைச் சொல்லி, "இனிமே நான் கூப்பிடலாமா?"ன்னு கேளுங்க. உடம்பு எப்படின்னும் கேட்டுக்குங்க. இன்சுலின் போடறவங்ககிட்ட நாங்க எடுக்க மாட்டோம். ஆம்பளைங்களுக்கு 90 நாள், பொம்பளைங்களுக்கு 120 நாள் இடைவெளி விடணும்.

முகாமுக்கு வைகாசி ரொம்ப நல்ல சமயம். முகாம்ல கொடுக்கறது பெரும்பாலும் காலேஜ் பசங்க. ஏப்ரல், மே லீவுல அவங்க ஊருக்குப் போயிடுவாங்க, இங்க ஃப்ரிட்ஜ் காலியாயிடும். அதுக்காக 200 பேரைக் கூட்டிராதீங்க. சிவப்பணு 35லிருந்து 42 நாள் தாங்கும், தட்டணு, அதாவது பிளேட்லெட், அஞ்சே நாள்தான். ஒருத்தர் கை நீட்டிக் கொடுத்ததைத் தேதி தாண்டிடுச்சுன்னு அழிக்கும்போது மனசு கேக்காதும்மா. முன்னாடியே ரத்த வங்கியில போய் எத்தனை யூனிட் வேணும்னு கேட்டு, அத்தனை பேரை மட்டும் கூப்பிடுங்க.

ஒண்ணு முக்கியம். நோட்டுல இருக்கற 41 பேரும் அன்னைக்குக் கொடுக்க வேண்டாம். எல்லாரும் ஒரே நாள்ல கொடுத்துட்டா, அடுத்த மூணு மாசத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவீங்க? அவங்க வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்.

தறிச்சத்தம்:

சோமனூருங்க நான். 1994ல எங்கண்ணனுக்கு ரத்தம் ஏத்த, ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன ஆள்கிட்ட காசு கொடுத்துத்தான் ஏற்பாடு பண்ணினோம். அந்த ஆளே எலும்பும் தோலுமா இருந்தார். சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால காசுக்கு ரத்தம் கொடுக்கறது 1998 ஜனவரியிலிருந்து நின்னுச்சு. அதுக்கு அடுத்த மாசம் உங்கப்பா கொடுக்க ஆரம்பிச்சிருக்கார். அவர் மாதிரி ஆளுங்க வரலைன்னா எங்களைப் போலக் குடும்பமெல்லாம் எங்க போயிருக்கும்?

அந்த நம்பரை மட்டும் விட்றாதீங்க அம்மிணி. ரீசார்ஜ் பண்ணாம விட்டா கொஞ்ச நாள்ல அதை வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க.

லேத்துப்பட்டறை மகள்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. நம்பருக்கு ஒரு வருஷத்துக்கு ரீசார்ஜ் பண்ணிட்டேன். முகாமுக்கு 40 பேர் போதும்னு தம்பியும் ஒத்துக்கிட்டான்.

இன்னைக்குக் காலைல நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். அப்பா நம்பர்லிருந்தே கூப்பிட்டதால ஒருத்தர் எடுத்ததுமே, "சொல்லுங்கண்ணா, எந்த ஆஸ்பத்திரி?"ன்னார். எனக்குப் பேச்சே வரலை. அப்புறம் மெதுவா விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "நீ எந்நேரம் வேணா கூப்பிடு கண்ணு"ன்னார்.

12 பேர்கிட்ட பேசியாச்சு. ஒருத்தருக்கு மாத்திரையிலிருந்து இன்சுலினுக்கு மாத்திட்டாங்களாம். அப்பா பென்சிலாலயே அவர் பேருக்கு நேரா எழுதி வச்சிருக்கேன். மீதி 29 பேரை ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன். நைட் ஷிப்டுக்காரரைப் பத்து மணிக்கு மேல.