ஒரு வாரம் தங்கிப் படித்தால் இறையியல் வருமா?

குயவன்வீடு
சிறிய சபை ஒன்றில் பத்து வருடமாக ஊழியம் செய்கிறேன், வார நாட்களில் வேலைக்கும் போகிறேன். மூன்று வருடம் செமினரி (போதகர்களுக்கான இறையியல் கல்லூரி) விடுதியில் தங்கிப் படிக்க எனக்கு வழியே இல்லை. அதனால் திங்கள் காலை தொடங்கி சனி மதியம் முடிகிற, அங்கேயே தங்கிப் படிக்கிற தீவிர வகுப்புகளில் வருடத்துக்கு இரண்டு என்று சேர்ந்து, இதுவரை ஐந்து முடித்திருக்கிறேன். போன வாரம் இன்னொரு போதகர், நல்ல நண்பர்தான், "அதெல்லாம் படிப்பில் சேராது பிரதர், ஒரு வாரத்தில் இறையியல் வருமா?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து மனது ஆறவில்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரசங்க வகுப்பு, மூன்றாம் நாள். எட்டுப் பேர் முன்னால் ரோமர் 12:1ஐ எடுத்துப் பேசினேன். சபையில் பலமுறை பேசிய வசனம், குறிப்புகூடத் தேவையில்லை. இரண்டு நிமிடம் ஆனதும் ஆசிரியர் கையைத் தூக்கி நிறுத்தினார். "வசனம் 'அப்படியிருக்க' என்று ஆரம்பிக்கிறது. எப்படியிருக்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ரோமர் நிருபத்தின் முதல் பதினொரு அதிகாரத்தில் பவுல் எடுத்துச் சொல்கிற தேவ இரக்கம் முழுவதையும் தாண்டி, நேராக "ஒப்புக்கொடுங்கள்" என்பதில் போய் நின்றிருக்கிறேன். பத்து வருடமாக என் சபையை இப்படித்தான் விரட்டியிருக்கிறேன் என்று அந்த இடத்திலேயே புரிந்தது. அன்று இரவு தூக்கம் இல்லை. என் அறையில் தங்கியிருந்த வயதான போதகர் எழுந்து உட்கார்ந்து, தானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியதைச் சொல்லி, இரண்டு மணி வரை என்னோடு ரோமர் நிருபத்தைப் புரட்டினார். மறுநாள் காலை அதே எட்டுப் பேர் முன்னால் அதே வசனத்தைத் திரும்பப் பேசினேன். வீட்டில் தனியாக வீடியோ பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா?

எபிரெயப் பித்தன்
உங்கள் அனுபவத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன் பிரதர், ஆனால் உங்கள் நண்பர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயம் சொல்லிக்கொடுக்கிறவன். நீண்ட பருவ வகுப்பும் எடுத்திருக்கிறேன், இந்த ஒரு வார வகுப்பும் எடுத்திருக்கிறேன். ஒரு வார வகுப்பில் வெள்ளிக்கிழமை எல்லோரும் ஆதியாகமத்தின் முதல் வசனத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார்கள், சிலர் கண் கலங்குவார்கள், எனக்கும் சந்தோஷமாக இருக்கும். மூன்று மாதம் கழித்து அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னால் பேத் எது, காஃப் எது என்று தடுமாறுகிறார். இரண்டு எழுத்தும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அடிக்கோடு வலது பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பேத், அப்படியே வளைந்துபோனால் காஃப். தினமும் பார்த்தால்தான் கண் பழகும். அவர் சோம்பேறி இல்லை, மறதி வேலை செய்கிற விதம் அது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து 1885லேயே எழுதிவிட்டார்: படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே போய்விடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால்தான் நிற்கிறது.

செமினரி என்பதன் லத்தீன் மூலச்சொல்லுக்கே நாற்றங்கால் என்றுதான் பொருள். 1563ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் குருத்துவக் கல்விக்கு ஆணையிட்டபோது எடுத்துக்கொண்ட சொல் அது. நாற்றுக்கு நாள் வேண்டாமா? பவுலும் எபேசுவில் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் அநுதினமும் சம்பாஷித்தார், இரண்டு வருஷம் (அப்போஸ்தலர் 19:9,10). ஒரு வாரம் இல்லை.

நள்ளிரவு வாசகன்
ஐயா, ஆறு நாள் என்று நீங்கள் எண்ணுவதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் போன வகுப்புக்கு மூன்று மாதம் முன்பே வாசிப்புப் பட்டியல் வந்தது, 1,200 பக்கம், வாசித்ததற்கு அத்தாட்சியாக ஒவ்வொரு நூலுக்கும் குறிப்பு எழுதிக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஆறு நாளில் 39 மணி நேரம் வகுப்பு. வாரம் மூன்று மணி நேரம் என்று பதின்மூன்று வாரம் நடக்கிற பருவ வகுப்பிலும் அதே 39தான். திரும்பி வந்தபின் கட்டுரைக்கு இன்னொரு எட்டு வாரம். ஆக நான் அந்தப் பாடத்தோடு வாழ்ந்தது கிட்டத்தட்ட அரை வருடம்.

பவுலையே எடுத்தால், அதே எபேசு சபையின் மூப்பரை மிலேத்துவுக்கு வரவழைத்து ஒரே உரையில் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினாரே (அப். 20). சேர்ந்து தங்குவதற்கு என்று ஒரு பலன் இருக்கிறது. 1935ல் ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் அங்கே ஃபிங்கன்வால்டேவில் போதகர் பயிற்சி நடத்தியபோது வந்தவர்கள் ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் இறையியல் முடித்தவர்கள். அது போதாது, ஒரே கூரையின் கீழ் ஜெபித்து, வாசித்து, ஒருவரை ஒருவர் சகித்து வாழவேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். 1937ல் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ வந்து பூட்டும் வரை அது நடந்தது.

எபிரெயப் பித்தன்
அந்த அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் கீழே வாசியுங்கள் பிரதர். 31ஆம் வசனம், மூன்று வருஷகாலம் இரவும் பகலும் கண்ணீரோடே புத்தி சொல்லிவந்ததைப் பவுல் ஞாபகப்படுத்துகிறார். அந்த மூன்று வருஷம் இல்லாமல் மிலேத்து உரை இல்லை. ஃபிங்கன்வால்டேயிலும் ஒரு பயிற்சி ஏறக்குறைய அரை வருடம். நீங்கள் எடுத்த இரண்டு உதாரணமும் என் பக்கம்தான் பேசுகின்றன.

1,200 பக்கம் நீங்கள் வாசித்தீர்கள், நம்புகிறேன். எல்லோரும் வாசிப்பதில்லை. ஞாயிறு இரவு விடுதி அறையில் முதல் புத்தகத்தைத் திறப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் அதே மதிப்பெண் சான்றுதான் போகிறது. எனக்கு வலிப்பது அது.

மேய்ப்பனின் மனைவி
இரண்டு பேரும் வகுப்பறையை வைத்தே பேசுகிறீர்கள், வீட்டையும் கொஞ்சம் பாருங்கள். என் கணவர் நான்கு தடவை போய் வந்தார். அந்த ஒரு வாரம் எனக்குக் கஷ்டமே இல்லை, முந்திய இரண்டு மாதம்தான் கஷ்டம், ஏனென்றால் மனிதர் வீட்டில் இருப்பார், ஆனால் புத்தகத்துக்குள் இருப்பார். மூன்றாவது தடவை அவர் அங்கே போன புதன்கிழமை சபையில் ஒரு மூதாட்டி இறந்துவிட்டார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு "ஐயா எப்போ வருவாங்க?" என்று கேட்டாள். அவர் வரவில்லை, வேறு சபைப் போதகர் வந்து அடக்க ஆராதனை நடத்தினார். என் கணவர் விடுதி நடைபாதையில் நின்றபடி போனில் அந்தப் பெண்ணுக்காக ஜெபித்தார். இன்றைக்கும் அவருக்கு அது மனதில் உறுத்தல்.

அப்படியிருந்தும் நான் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். துக்க வீட்டில் என்ன பேசக்கூடாது என்பதை அவர் கற்றுக்கொண்டது ஆலோசனை ஊழியத்துக்கான ஒரு வார வகுப்பில்தான். முன்பெல்லாம் போன உடனே வசனம் சொல்ல ஆரம்பிப்பார், இப்போது முதலில் பக்கத்தில் உட்காருகிறார். எனக்கு ஒரே ஆதங்கம், இந்த வகுப்புகளில் மனைவிகளுக்கும் இடம் கொடுக்கலாம். துக்க வீட்டுக்கு நாங்களும்தான் போகிறோம்.

நள்ளிரவு வாசகன்
அக்கா, நீங்கள் சொன்னது மனதைத் தொட்டது. ஐயா, வாசிக்காமல் வருகிறவர்களைப் பற்றிய உங்கள் வருத்தம் சரிதான், அதை நான் மறுக்கவில்லை. குறிப்பு எழுதாமல் வந்தவரைத் திங்கள் காலையே திருப்பி அனுப்பட்டும். ஆனால் அதற்காக வகுப்பையே குற்றம் சொன்னால், முழுநேரம் படிக்க முடியாத போதகருக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? அவர் வெறும் தரையில் தொடங்குகிறவர் இல்லை. எத்தனையோ மரணம், சண்டை, கல்யாணம் பார்த்தவர். அந்த ஒரு வாரம் அந்தப் பத்து வருடத்தின் மேல்தான் விழுகிறது.

எபிரெயப் பித்தன்
இதை நான் ஒத்துக்கொள்கிறேன். பிரசங்கம், ஆலோசனை மாதிரி, கையில் ஏற்கெனவே அனுபவம் இருக்கிற பாடங்களுக்கு ஒரு வாரம் நன்றாக வேலை செய்யும், குயவன்வீடு பிரதருக்கு நடந்ததே அதற்குச் சாட்சி. மொழிக்கு அது போதாது என்பதில் மாறமாட்டேன். 1963ல் குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் செமினரி விரிவாக்கக் கல்வியைத் தொடங்கியதும் ஊரையும் குடும்பத்தையும் விட்டு வரமுடியாத சபைத் தலைவர்களுக்காகத்தான். அங்கே வீட்டில் படித்தார்கள், வாரம் ஒரு தடவை அருகிலேயே ஆசிரியரைச் சந்தித்தார்கள். அந்த வாரச் சந்திப்பு நம் தீவிர வகுப்புகளில் இல்லை. கட்டுரை அனுப்பியதோடு உறவு முடிந்துவிடுகிறது.

குயவன்வீடு பிரதர், உங்கள் ஐந்து வகுப்பில் எபிரெயம் உண்டா?

குயவன்வீடு
உண்டு ஐயா, இரண்டாவது வகுப்பு. உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் பேத், காஃப் என்று எழுதியதும் என் பழைய நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான், ஆனால் பாதி எழுத்து எனக்கு வாசிக்க வரவில்லை. அவமானமாக இருந்தது.

எபிரெயப் பித்தன்
அவமானப்பட ஒன்றும் இல்லை. செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? ரூத் புத்தகம் மொத்தம் 85 வசனம். வாரம் ஐந்து என்று போனால் பதினேழு வாரத்தில் முடித்துவிடலாம். அதற்கு முன் ஒரு வாரம் வெறும் எழுத்துதான், வசனத்தைத் தொடவேண்டாம். வேறு யாராவது வந்தாலும் சரி. அக்கா, நீங்களும் வாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.

மேய்ப்பனின் மனைவி
நான் வருகிறேன் ஐயா. அவரிடம் இன்றைக்கே கேட்கிறேன், அவர் வராவிட்டாலும் நான் வருவேன்.

குயவன்வீடு
செவ்வாய் ஒன்பது மணி, சரி ஐயா. அந்தப் பழைய நோட்டையே கொண்டுவருகிறேன்.