எச்டிஎம்மை அழிக்கச் சொன்னால் எச்டிஎம்எல் ஏன் போனது?

பழைய விசைப்பலகை:
விண்டோஸ் சர்வரில் பழைய இணையப் பக்கங்களைக் கழிக்க எங்கள் சீனியர் ‘டெல் *.எச்டிஎம்’ என்று அடித்தார். எச்டிஎம் என்று முடியும் கோப்புகளை எல்லாம் அழி என்று பொருள். அதே கோப்புறையில் எச்டிஎம்எல் கோப்புகளும் கலந்து கிடந்தன. என்டர் தட்டினார். ‘நிச்சயமா?’ என்றுகூடக் கேட்கவில்லை. கோப்புப் பட்டியல் காட்டும் ‘டிர்’ போட்டால் இரண்டு வகையும் மாயம். ரீசைக்கிள் பின்னும் காலி. மனிதர் திரையில் விரல் வைத்துக் கட்டளையை எழுத்து எழுத்தாகப் படித்தார், மறுபடியும் படித்தார். பிழையே இல்லை! அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

முனையக்காரன்:
பிழை இல்லாமலா? இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்ற கோப்புக்கு விண்டோஸ் ‘இன்டெக்ஸ்~1.எச்டிஎம்’ என்று விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்து எட்டு-மூன்று பெயர் (பெயருக்கு எட்டு எழுத்து, முடிவுக்கு மூன்று) ஒன்றும் வைத்திருக்கும். நட்சத்திரக் குறி அதையும் பிடிக்கும். அந்தக் குட்டிப் பெயரையும் காட்டும் ‘டிர் /எக்ஸ்’ போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

இரவுப்பணி:
முனையக்காரரே, கோப்பு அழிக்கப் போகிறவர் யார் ‘டிர் /எக்ஸ்’ போடுகிறார்? கண்ணுக்குத் தெரியாத பெயரை வைத்து அழிப்பது கருவியின் குற்றம்தான்.

லினக்ஸிலும் வேறு விதமான குழி உண்டு. என் நண்பர் டிஎம்பி என்று முடியும் தற்காலிகக் கோப்புகளை மட்டும் தேடி அழிக்க ‘ஃபைண்ட் . -டிலீட் -நேம் "*.டிஎம்பி"’ என்று அடித்தார். எல்லாம் போய்விட்டது. கதை அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் போகும். ‘-டிலீட்’ முன்னால் நின்றால் பெயரைப் பார்ப்பதற்குள் அழித்துவிடும். அதனால் ‘-டிலீட்’ எப்போதும் கடைசியில். முதலில் அந்த இடத்தில் ‘-பிரின்ட்’ போட்டுப் பட்டியலைப் பாருங்கள். ‘-டைப் எஃப்’ சேர்த்தால் கோப்புறைகள் தப்பும். நட்சத்திரத்தை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இல்லையென்றால் கட்டளையை முதலில் வாங்கும் ஷெல்லே அதைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். கேமரா கார்டில் பெரிய எழுத்தில் ஜேபிஜி இருந்தால் சிறிய எழுத்தில் தேடும் ‘-நேம்’ கண்டுகொள்ளாது, ‘-ஐநேம்’ வேண்டும்.

பழைய விசைப்பலகை:
நான் ஃபைண்ட் பற்றிக் கேட்கவே இல்லை. சீனியர் அந்தச் சர்வரில் எட்டு-மூன்று பெயர் உருவாவதையே நிறுத்திவிட்டார். அதோடு தீர்ந்தது.

முனையக்காரன்:
தீரவில்லை. நிறுத்தினால் இனி வரும் கோப்புகளுக்குத்தான் குட்டிப் பெயர் வராது. பழையவற்றுக்கு அப்படியே இருக்கும். ‘எஃப்எஸ்யூட்டில்’ என்ற விண்டோஸ் கட்டளையை வைத்துத் தனியாக நீக்க வேண்டும். நீக்கினாரா என்று கேளுங்கள்.