பேஷன்ட் டேட்டாவ வச்சு இன்டக்ரேட்டிவ் மெடிசின் யூனிட்ட எந்த வார்டுக்கு விரிவாக்குறது?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரில குவாலிட்டி டீம்ல வேலை. வழக்கமான ட்ரீட்மென்ட்டோட சேத்து அக்குபங்சர், யோகா, மசாஜ்னு ரெண்டே பேர வச்சு சின்னதா இன்டக்ரேட்டிவ் மெடிசின் யூனிட் ஒண்ணு நடக்குது, இப்ப பெருசாக்கப் போறாங்க, எந்த வார்டுக்கு முதல்லனு டேட்டா பாத்து சொல்லுங்கனு என்கிட்ட விட்டுட்டாங்க. கைல இருக்கிறது ரெண்டு வருஷ ரெஃபரல் கணக்கு, அதாவது எந்த வார்டு டாக்டர் எத்தன பேர யூனிட்டுக்கு அனுப்பினாங்கங்கிறது. கேன்சர் வார்டுலேர்ந்து தான் ஏகப்பட்டது, ஆர்த்தோலேர்ந்து (எலும்பு, மூட்டு வார்டு) ஒண்ணுகூட இல்ல. அப்ப எல்லாத்தையும் கேன்சர் வார்டுக்கே குடுத்துடலாமா? மனசு ஒப்ப மாட்டேங்குது.

பதில் 1:
குடுத்துடாதீங்க சார். ரெஃபரல் கணக்கு எந்த டாக்டர் அனுப்புறார்னு தான் சொல்லும், எந்த பேஷன்ட்டுக்கு வேணும்னு சொல்லாது. ஆர்த்தோல முட்டி ஆபரேஷன் பண்ணவங்களுக்கு வலியே இல்லயா என்ன, அங்க இருக்கிற டாக்டருக்கு இப்படி ஒரு யூனிட் இருக்கிறதே தெரியாம இருக்கலாம். அதனால வலி ஸ்கோர் (0லேர்ந்து 10), தூக்க மாத்திரை, வாந்தி மாத்திரை, ஓபியாய்டு (மார்ஃபின் மாதிரி கடுமையான வலி மருந்து) எவ்ளோ போகுதுன்னு வார்டு வாரியா எடுங்க, அதுக்குப் பக்கத்துல ரெஃபரல வைங்க, கஷ்டம் அதிகமா இருந்து ரெஃபரல் கம்மியா இருக்கிற இடம் எதுவோ அங்க தான் முதல்ல போய்ப் பேசணும். கேன்சர் வார்ட விட்டுடுங்கன்னு சொல்லல, மார்பக கேன்சருக்குக் குடுக்கிற அரோமடேஸ் இன்ஹிபிட்டர் மாத்திரையால வர்ற மூட்டு வலிக்கு அக்குபங்சர் குடுக்கலாம்னு 2022ல ஆஸ்கோ (அமெரிக்க கேன்சர் டாக்டர்கள் சங்கம்) கைட்லைனே சொல்லுது. ஆனா கீமோ நேரத்துல பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற அணு) கொறஞ்சவங்களுக்கு ஊசி போடறதும் அழுத்தி மசாஜ் பண்றதும் யோசிச்சுத் தான் செய்யணும், அதனால லேப் ரிசல்ட்டயும் சேத்துப் பாத்தா தான் நெஜமா எத்தன பேருக்குக் குடுக்க முடியும்னு தெரியும்.

இன்னொண்ணு, வலி உச்சத்துல இருக்கறப்ப அனுப்பினவங்களுக்கு அடுத்த வாரம் எதுவும் பண்ணாமலே கொஞ்சம் கொறையும். முன்ன 8, இப்ப 5, எங்க யூனிட்டால தான்னு ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க, அதே மாதிரி வலியோட இருந்தும் யூனிட்டுக்கு வராதவங்களோட ஒப்பிட்டுப் பாருங்க.

பதில் 2:
நான் வார்டு நர்ஸ். பதில் 1 சொன்னது சரிதான், ஆனா அந்த வலி ஸ்கோர அப்படியே நம்பாதீங்க ப்ளீஸ். ராத்திரி ஆள் கம்மியா இருக்கறப்ப பழைய நம்பரே திரும்ப ஏறிடும். எங்க பாஷை தெரியாதவங்க, மறதி நோய் இருக்கிற வயசானவங்க, இவங்களுக்கெல்லாம் 0ன்னு இருக்கும், இல்லன்னா காலியா இருக்கும், கேக்க முடியலங்கிறது தான் அதுக்கு அர்த்தம். இத வச்சு பிளான் பண்ணா திரும்பவும் அவங்க தான் விட்டுப் போவாங்க, அத நெனச்சா எனக்குத் தாங்கல. காலியா இருக்கிறத 0ன்னு கணக்கு போடாம தனியா எண்ணுங்க.

பதில் 3:
பார்மசிலேர்ந்து ஒரு வார்த்தை. அட்மிஷன் ஃபார்ம்ல மூலிகை, சப்ளிமென்ட் சாப்பிடுறாங்களான்னு தனி கட்டமா வைங்க, டாக்டர் நோட்ஸ்ல எங்கயோ ஒரு வரில இருந்தா தேடி எடுக்க முடியாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கிற மூலிகை சாப்பிட்டா, மாத்தி வச்ச உறுப்ப உடம்பு ஏத்துக்கக் குடுக்கிற சைக்ளோஸ்போரின் மருந்து ரத்தத்துல கொறஞ்சு, மாத்தி வச்ச கிட்னியயே உடம்பு நிராகரிச்சுடலாம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி மேடம், சார். இப்பதான் ஆர்த்தோ எடுத்துப் பாத்தேன், பாதி பேருக்கு ராத்திரி ஸ்கோரே இல்ல. மொதல்ல அத சரி பண்ண ரெண்டு மாசம் டைம் கேக்கப் போறேன்.