செம்பனைக் குலையில் வெள்ளைக் காய்: வண்டு இல்லாததா, உரம் போதாததா?

சிறுதோட்டம், தெலுக் இந்தான் (மலேசியா):
வணக்கம். 5 ஏக்கர், 5 வயது செம்பனை (எண்ணெய்ப்பனை). இரண்டு மாதமாக வெட்டும் குலைகளில் வெளிப்பக்கம் மட்டும்தான் பழம். உள்ளே கொட்டையில்லாத வெள்ளைக் காயும் கருகிய பூவும். சில குலை பழுக்காமலே அழுகிவிட்டது. உரம் தவறாமல் போடுகிறோம். ஏழு மாதத்துக்கு முன் உலாட் புங்குஸ் (பை கட்டி அதற்குள் வாழும் இலைதின்னிப் புழு) வந்ததால் சைப்பர்மெத்ரின் பூச்சிமருந்து இரண்டு தடவை அடித்தோம். காய்ந்த ஆண்பூவை உடனுக்குடன் வெட்டி எரித்துவிடுகிறோம். கையால் மகரந்தம் தூவலாமா?

பழைய தண்டல்:
உரத்தை விடுங்கள். பூ மகரந்தம் பிடித்துக் குலை பழுக்க ஐந்தரை, ஆறு மாதம் ஆகும். இன்று வெட்டும் குலை, மருந்து அடித்த சமயத்துப் பூ. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

நம் செம்பனைக்கு மகரந்தம் சுமப்பது ஒரு சின்னக் கூன்வண்டு. 1981-இல் கெமரூனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் இங்கே கையால் தூவினார்கள். ஆண்பூ மலர்ந்ததும் சோம்பு வாசம் அடிக்கும், வண்டு மொய்க்கும். அதிலேயே தின்று, அதிலேயே முட்டையிடும். பெண்பூவும் அதே வாசத்தை இடையிடையே வீசும். அங்கே தின்ன ஒன்றும் கிடையாது. ஏமாந்து வந்த வண்டு, உடம்பு ரோமத்தில் ஒட்டிய தூளைக் கொட்டிவிட்டுப் போகும். ஆண்பூ கொடுக்கும் கூலியில் பெண்பூவின் வேலை நடக்கிறது.

நீங்கள் எரித்தது அந்தக் கூலியைத்தான். வண்டின் புழு வளர்வது காய்ந்த ஆண்பூவுக்குள். முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம். காய்ந்த ஆண்பூ தானே மக்கட்டும், தொடாதீர்கள். எலியும் அதைக் கிழித்துப் புழு தின்னும், ஆகவே எலியையும் பாருங்கள்.

ஒன்பது கதிர்:
தண்டல் சொன்னது சரி, ஆனால் எண்ணிப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம். 5 வயது மரத்தில், அதிலும் நல்ல உரம் கிடைத்தால், பெண்பூ அதிகம், ஆண்பூ குறைவு. வண்டுக்கு வீடே இல்லாமலும் இருக்கலாம்.

மழை இல்லாத காலை 9-லிருந்து 11-க்குள், முழுதாக மலர்ந்த ஆண்பூவைத் தேடுங்கள். அதில் மேலே 3, நடுவே 3, கீழே 3 கதிர் (பூங்கொத்தின் விரல் போன்ற கிளை). வெட்டுவதற்கு முன்பே பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். கதிர் அசைந்தால் வண்டு பறந்து கணக்கு பொய்யாகும். ஒன்பதின் சராசரியை மொத்தக் கதிரால் பெருக்கினால் அந்தப் பூவின் வண்டு. கூடவே ஏக்கருக்கு எத்தனை ஆண்பூ மலர்ந்திருக்கிறது என்றும் எண்ணுங்கள். பூ இருந்து வண்டு இல்லையென்றால் மருந்துதான் காரணம். பூவே இல்லையென்றால் மரத்தின் வயது.

சிறுதோட்டம்:
எண்ணியாச்சு. 5 ஏக்கரில் மலர்ந்த ஆண்பூ இரண்டே இரண்டு. இரண்டிலும் வண்டு நிறைய.

ஒன்பது கதிர்:
அப்படியானால் மருந்தின் பாதிப்பு தீர்ந்து வண்டு திரும்பிவிட்டது, பூதான் பற்றாக்குறை. இனி தூவலாம். மலரப்போகும் ஆண்பூவைக் காகிதப் பையால் கட்டி, மலர்ந்ததும் மகரந்தத்தை உதிர்த்து, சலித்து, நிழலில் உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் கட்டி பிடித்துச் செத்துவிடும். 1 பங்கு மகரந்தம், 10 பங்கு டால்க் பவுடர். பெண்பூ இரண்டு மூன்று நாள்தான் ஏற்கும், அதனால் மூன்று நாளுக்கு ஒரு சுற்று. பெண்பூவின் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) வெண்மஞ்சளாக இருந்தால் தூவுங்கள்; சிவந்துவிட்டால் வீண். ஆண்பூ பெருகியதும் நிறுத்திவிடலாம், கூலிக்குக் கட்டாது.

பழைய தண்டல்:
உலாட் புங்குஸ் மறுபடி வந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தை அடியுங்கள், வண்டைத் தொடாது. புழு சின்னதாக இருக்கும்போது, வெயில் தாழ்ந்து அடிக்க வேண்டும். முதிர்ந்து பைக்குள் தின்னாமல் கிடந்தால் மருந்து வயிற்றுக்குப் போகாது. சாலை ஓரமாக எட்டு மணிப் பூ நடுங்கள். அதன் தேனுக்கு வரும் குளவிகள் உலாட் புங்குஸ் மேல் முட்டையிடும். அந்தப் பூச்செடியைக் களைக்கொல்லி அடிக்கும் ஆளிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் போய்விடும்.